உம்மாவுக்கு ஓர் உளூ மேசை



அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் உம்மா தண்ணீர் அருந்துவதில்லை. இதை நாங்கள் அறிந்துகொள்ள வெகுநாள் ஆயிற்று.

அது 2023 ஜனவரி மாதத் தொடக்கம். உம்மாவுக்கு அப்போது வயது 73. ஓராண்டுக்குள் இரண்டாம் முறையாகச் சிறுநீர்த் தொற்று கண்டு, காய்ச்சலில் துவண்டிருந்தார். "சாயங்காலத்துக்கு மேல் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் அம்மா?" என்று மருத்துவர் கேட்டார். உம்மா விடை சொல்லவில்லை. எங்களுள் மூத்தவளான அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீடு திரும்பிய பின்னரே உண்மை மெல்ல வெளிவந்தது. அஸருக்குச் செய்த உளூவை இஷா வரை முறியாமல் காத்துக்கொள்வதற்காக, நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அவர் தாகத்தைப் பொறுத்திருக்கிறார். சில நாள்களில் சிறுநீரையும் அடக்கியிருக்கிறார். "இருட்டில் திரும்பவும் உட்கார்ந்து எழுந்து உளூ செய்யப் பயமா இருக்குது வாப்பா. யாரையும் கூப்பிடவும் மனசு வரலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குறை கூறும் தொனி அதில் துளியும் இல்லை. எங்களுக்கு அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். இருவர் செங்கல்பட்டில் வசிக்கிறோம். இளையவன் மனைவி மக்களோடு உம்மாவுடன் இருக்கிறான். வீடு மாமல்லபுரத்துக்கு வடக்கே, கோவளம் செல்லும் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊரில் உள்ளது. வாப்பா அடங்கியிருக்கும் மையவாடி அவ்வூரில் இருப்பதால், "செங்கல்பட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று எத்தனை முறை அழைத்தும் உம்மா இசையவில்லை. வாரந்தோறும் சென்று பார்த்தோம். மருந்தும் பழமும் வாங்கிக் கொடுத்தோம். தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக ஒரு நிறைவும் எங்களுக்கு இருந்தது. அவர் எங்கே அமர்ந்து உளூ செய்கிறார் என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றுதான் பார்த்தோம். குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாகவே இருந்தன. வாஷ்பேசினின் விளிம்பு தரையிலிருந்து 33 அங்குல உயரத்தில் இருந்தது. முகமும் கையும் கழுவ அது போதும். மூட்டுவலி உள்ளவர் காலைத் தூக்கி அதில் வைக்க வழியில்லை. ஆகவே தரையோடு இருந்த குழாயடியில், ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் முக்காலியில் உம்மா அமர்வார். எழுவதற்குப் பிடிமானமாக இருந்தது வாளியின் விளிம்பு மட்டுமே. முந்தைய ஆண்டு ஒருமுறை வாளியோடு சரிந்திருக்கிறார். அதையும் எங்களிடம் சொல்லவில்லை. கமோடு இருக்கும் இடத்தில் பிஸ்மில்லாஹ் சொல்ல மனம் ஒப்பாமல், பகல் வேளைகளில் கொல்லைக் குழாய்க்குச் சென்றிருக்கிறார். இரவில் அங்கே செல்ல அச்சம்.

தயம்மும் செய்துகொள்ளலாமே என்று உங்களுள் சிலருக்குத் தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. ஊர் இமாமிடம் கேட்டோம். தண்ணீரைப் பயன்படுத்துவது உடலுக்குத் தீங்கு தரும் நிலையில் மார்க்கம் அந்தச் சலுகையைத் தந்துள்ளது என்பதை விளக்கிவிட்டு, அவர் எங்களையே திருப்பிக் கேட்டார்: "உங்கள் உம்மாவுக்குத் தீங்கு தருவது தண்ணீரா, தரையா?" எங்களிடம் மறுமொழி இல்லை. மலசல உபாதையை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது என்பதையும் அவர் நினைவூட்டினார். தொழுகையைப் பேணுவதாக எண்ணி உம்மா செய்துவந்தது, அவரது உடலையும் தொழுகையின் அமைதியையும் ஒருசேரக் குலைத்துக்கொண்டிருந்தது. ரமலான் வர 11 ஞாயிற்றுக்கிழமைகளே இருந்தன. பகல் முழுதும் நோன்பு. இரவிலும் தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும்? நினைக்கவே நெஞ்சு பதறியது.

இதற்கு முன்பே நாங்கள் ஒரு பிழை செய்திருந்தோம். 2022 அக்டோபரில், அழகாக இருக்கிறதென்று கடையில் ஆயத்தமாக விற்கும் வாஷ்பேசின் அலமாரி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தோம். வெள்ளை நிறம், கண்ணாடிக் கதவு, இழுப்பறை எல்லாம் இருந்தன. உம்மா புன்னகைத்து, "நல்லா இருக்குது" என்றார். அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த மழையின் ஈரத்தில் அலமாரியின் அடிப்பலகை ரொட்டி ஊறியதுபோல் உப்பிவிட்டது. அது எம்.டி.எஃப் பலகை. மரத்தை இழைகளாகப் பிரித்துப் பசையிட்டு அழுத்திச் செய்வது. மேலே ஒட்டிய மெல்லிய தாள் இருக்கும்வரை பளபளக்கும். வெட்டிய ஓரத்தில் நீர் புகுந்துவிட்டால் இழைகள் விரியும். பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. கீல்களின் திருகாணிகள் உப்புக் காற்றில் இரண்டே மாதத்தில் துருவேறியிருந்தன. எனினும் பலகை கெட்டது பெரிய பிழையன்று. அந்த அலமாரியின் உயரமும் 33 அங்குலமே. உம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் எங்கள் கண்ணுக்கு அழகானதை வாங்கியதே பெரிய பிழை.

இம்முறை நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்குச் செல்லும் வழியில் பட்டறை வைத்திருக்கும் முதிய ஆசாரி ஒருவர் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். நாங்கள் சொன்னதைக் கேட்டதும், "கடலோரத்தில், தண்ணீர் புழங்கும் இடத்தில், மரமா வைக்கப் போறீங்க பாய்?" என்று நகைத்தார். பிறகு அவரே சொன்னார்: "ஐந்து ரதத்தைப் பார்த்திருக்கீங்களா? அது கல்லில் செய்த தச்சு வேலை."

நாங்கள் பலமுறை பார்த்தவைதாம். ஆனால் அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் ஒற்றைப் பாறைகளில் குடைந்தெடுத்த அந்த ரதங்கள், அதற்கு முன் மரத்தாலும் கூரையாலும் கட்டிவந்த கட்டடங்களின் வடிவத்தையே கொண்டவை. ஒன்று ஓலைக்குடிசை போன்றது. இன்னொன்று வண்டிக்கூண்டு போல் வளைந்த கூரை உடையது. முதலாம் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றித் தான் குடைவித்த கட்டடத்தைப் பற்றி மண்டகப்பட்டில் கல்வெட்டாகவே பொறித்துவைத்தான். மரம் அழியும் என்பதை இந்தக் கரை 1300 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

"அப்படியானால் கல்லிலேயே செய்துவிடலாமா?" என்றோம். ஆசாரியார் மறுத்தார். வயதானவர் குளிர்காலப் பஜ்ரில் கருங்கல்மேல் உட்கார முடியாது; தடுமாறி முழங்கை இடித்தாலும் கல்லைவிட மரம் மேல் என்றார். "மரத்தைக் கெடுப்பது நனைவது இல்லை பாய். நனைந்தது காயாமல் நிற்பதுதான். காற்றோட்டம் கொடுங்க, தரையில் படாமல் தூக்கி வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் காட்டுங்க" என்று மூன்று சொற்களில் முழுப் பாடத்தையும் முடித்தார்.

மரத்துக்கு நாங்கள் கடைக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டை இடித்தபோது, அதன் வாசற்கதவையும் நிலைச்சட்டத்தையும் வாப்பா விற்க மனமின்றி மாட்டுக்கொட்டிலின் பரணில் வைத்திருந்தார். தேக்கு. கறுத்து, தூசு படிந்து, விறகுபோல் கிடந்தது. ஆசாரியார் இழைப்புளியால் ஒரு முழ நீளம் இழுத்தார். கறுப்புச் சுருள் விலகியதும் உள்ளிருந்து தேன்நிறம் தெரிந்தது; பட்டறை முழுதும் தேக்கின் மணம் எழுந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதனால் ஈரத்தையும் கறையானையும் மற்ற மரங்களைவிட நன்கு தாங்கும். ஆயினும் அந்தக் குணம் நடுவிலுள்ள வைரப்பகுதிக்கே உரியது. ஓரத்து வெள்ளைப்பகுதி தேக்கானாலும் உளுத்துவிடும். வெள்ளை முழுவதையும் அறுத்தெறியச் செய்தார். பழைய மரத்தில் ஒடிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும். காந்தத்தால் தடவித் தேடி, 40-க்கும் மேற்பட்ட ஆணிகளைப் பிடுங்கினோம். அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டு ரம்பத்தின் பல்லை உடைத்ததும் எங்கள் கணக்கில் உண்டு.

அளவெடுக்க அக்கா சென்றாள். கடைக்காரரின் 33 அங்குலத்தை மறந்துவிட்டு, உம்மாவை நாற்காலியில் அமர்த்தி அளந்தாள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 15½ அங்குலம். வலியின்றி எழ வேண்டுமெனில் இருக்கை அதைவிடச் சற்று உயரமாக இருப்பது நலம். அதனால் தடித்த புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி உட்காரச் சொன்னாள். 17 அங்குலத்தில் உம்மா கையூன்றாமல் எழுந்தார். அமர்ந்த நிலையில் முழங்கை வரை நீர் வழிய வசதியான உயரம் 26 அங்குலம். கால் கழுவ, வலப்பக்கம் திரும்பினால் பாதத்தை வைக்க 8 அங்குல உயரத்தில் சட்டங்கள் பதித்த ஒரு படி; அதன்மேல் கைக்குழாய்; அடியில் நீர் ஓடிவிடும் தொட்டி. உம்மாவின் உடலே எங்கள் வரைபடமாயிற்று. அளவெடுத்த நாளில், "எனக்காகவா இவ்வளவும்?" என்று நான்கு முறை கேட்டாராம். அக்கா அதைச் சொன்னபோது எங்களுக்கு நாணமே மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஜ்ருக்குப் பின் பட்டறைக்குச் செல்வோம். நிலைச்சட்டத்தை அறுத்து நான்கு கால்கள். கதவுப் பலகையில் மேற்பரப்பும் இருக்கையும் தட்டும். இணைப்புகளுக்கு ஆணி வேண்டாம் என்றார் ஆசாரியார். ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, மற்றதில் உளியால் துளையெடுத்து, நீர்புகாப் பசை தடவி உள்ளே இறக்க வேண்டும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஒட்டவிடாது. ஆகவே தின்னர் நனைத்த துணியால் துடைத்த பின்பே பசையிட வேண்டும். எங்கள் முதல் துளை மூலைமட்டத்துக்கு ஒத்துவராமல் கோணலாயிற்று. அந்தக் காலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "பரவாயில்லை, பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான் எங்களுள் இளையவன்.

ஆசாரியார் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்குத்தான் அச்சொல் உறுத்தியது. எச்செயலையும் செம்மையாகச் செய்யுமாறு, இஹ்ஸானை அல்லாஹ் எல்லாவற்றிலும் விதியாக்கியுள்ளான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததைச் சிறு வயதில் மதரஸாவில் ஓதியவர்கள் நாங்கள். யாரும் பாராத பின்பக்கத்தை அவன் பார்க்கிறான் என்று நம்புவோர், கோணல் காலைச் சுவரோரம் மறைக்கலாமா? வேறொரு கட்டையை எடுத்துப் புதிதாகத் துளையெடுத்தோம். ஒரு ஞாயிறு அதிலேயே கழிந்தது.

தச்சு வேலை நம் மார்க்க வரலாற்றில் அந்நியமானதன்று. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நூஹ் (அலை) அவர்கள் இறைக்கட்டளைப்படி கப்பல் கட்டியதைக் குர்ஆன் கூறுகிறது. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் நின்று உரையாற்ற மிம்பர் செய்தவரும் ஒரு தச்சரே. அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம் பணிபுரிந்தவர் அவர். காபா என்னும் இடத்திலிருந்து கொணர்ந்த அத்ல் மரத்தில் அதைச் செய்தார் என்று புகாரியில் காண்கிறோம். நின்று பேசுவோருக்கு ஒரு வசதி, கேட்போருக்கு ஒரு வசதி. அதற்கு மூன்று படிகளும் கொஞ்சம் மரமும் போதுமாயின. வணக்கத்தை எளிதாக்கும் பொருட்டுச் செதுக்கிய ஒரு மரச்சாமான் அது. இதை ஆசாரியாரிடம் சொன்னபோது உளியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பேர் தெரியாத ஆளா? அதுவும் நல்லதுதான்" என்றார்.

மேற்பலகை சேர்க்கும்போது இன்னொன்று கற்றோம். மரம் அறுத்த பின்னும் அசையும். மழைக்காலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் விரியும், கோடையில் சுருங்கும். நீளவாட்டில் அம்மாற்றம் மிகச் சிறிது. அகலத்தை அசையவிடாமல் இறுக்கிவிட்டால் பலகை வெடிக்கும். ஆகவே திருகாணித் துளைகளை வட்டமாக எடுக்காமல் நீள்வட்டமாக எடுத்தோம். சாதாரண இரும்புத் திருகாணி கடற்காற்றுக்கு ஆகாது. 304 எனும் வகைத் துருவேறா எஃகும் கடலோரத்தில் நாளடைவில் புள்ளி விழும். மாலிப்டினம் கலந்த 316 வகையே உப்பை நன்கு எதிர்க்கும். விலை அதிகம் என்றாலும் அதையே வாங்கினோம். மூடிய அலமாரியும் இழுப்பறையும் வேண்டாம் என்றோம். ஈரம் அடைந்து கிடக்கும் இடம் அதுதான். திறந்த தட்டு ஒன்றே போதும்.

மரத்தின் அறுத்த முனைகள்தாம் குழல்போல் நீரை உறிஞ்சுபவை. கால்களின் அடிமுனை, வாஷ்பேசினுக்காக வெட்டிய வட்டத்தின் உள்விளிம்பு, குழாய்த்துளைகள் ஆகியவற்றுக்கு மட்டும் எண்ணெயை நான்கு முறை ஊட்டினோம். மற்ற பகுதிகளை உப்புத்தாளால் தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பின்பே அடுத்ததைப் பூசினோம். இவ்வேலையைச் செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட்டு, அல்லது தண்ணீரில் ஊறவைத்த பின்பே அகற்றுங்கள்.

மேசையின் கால்கள் ஈரத்தரையில் படக்கூடாது. நம் பழைய வீடுகளில் மரத்தூண்களைக் கல்லின்மேல் நிறுத்தியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், தேவை அதுவே. மாமல்லபுரத்தில் உளியோசை ஓயாத சிற்பப் பட்டறைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில், எதற்கும் ஆகாமல் ஒதுக்கிய கருங்கல் துண்டுகளுள் நான்கைக் கேட்டோம். மூன்று அங்குல உயரத்துக்குச் சமன்செய்து, நடுவில் சிறு குழி எடுத்துத் தந்தார்கள். தாய் உளூ செய்ய என்று அறிந்ததும், அங்கிருந்த இளைஞர் கூலி வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தியே கொடுத்தோம்.

மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று மேசையைக் குட்டி யானை வண்டியில் ஏற்றினோம். திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் சென்று, வடக்கே திரும்பினோம். வழிநெடுக, வேகத்தடை வரும்போதெல்லாம் மூவரும் மேசையைப் பிடித்துக்கொண்டோம். வீட்டின் பின்தாழ்வாரத்தில் இடம் ஒதுக்கியிருந்தோம். கழிப்பறைக்கு வெளியே, கூரைக்குக் கீழே, உம்மாவின் அறையிலிருந்து எட்டடி தூரம். தரையில் வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ். நீர் தேங்காத சரிவு. இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு. கைப்பிடியை மேசையில் பொருத்தாமல் சுவரில் ஆழத் துளையிட்டுப் பொருத்தினோம். தடுமாறும் உடலின் முழுப் பாரத்தையும் மரச்சாமானை நம்பி விடலாகாது. அடுத்த ஞாயிற்றுக்குள் பிளம்பர் குழாய்வேலையை முடித்தார்.

குழாயை முழுதாகத் திறந்து கடிகாரம் பார்த்தபோது, எட்டு வினாடியில் ஒரு லிட்டர் கொட்டியது. பிளம்பரிடம் சொல்லி அதைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முத்து என்பதை எவ்வளவு எனக் கொள்வதில் மத்ஹபுகளிடையே சற்று வேறுபாடு உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ ஒரு லிட்டர், அல்லது அதற்கும் குறைவு. நாங்களோ ஒரு வாளி செலவழித்துப் பழகியவர்கள். வாஷ்பேசின் துளையை அடைத்து, கழுவிய நீரைப் பிடித்து அளந்தோம். உம்மா ஒன்றரை லிட்டரில் முடித்தார். எங்களுள் எவரும் மூன்றுக்குக் கீழே வரவில்லை. "தண்ணி தூக்கி வந்து உளூ செய்த காலத்து ஆள் நான்" என்று அவர் சிரித்தார்.

அன்று மக்ரிப் பாங்கு கேட்டதும் உம்மா வந்து அமர்ந்தார். நாங்கள் தூரத்தில் நின்றோம். மேசையின் பக்கத்தில் துண்டு மாட்டுவதற்காக, பாட்டனார் வீட்டுக் கதவின் பித்தளை வளையத்தைப் பொருத்தியிருந்தோம். கை துடைக்கத் துண்டை எடுத்தவர், வளையத்தைத் தடவிப் பார்த்தார். "இது நம்ம தெருக்கதவு வளையம்ல? கல்யாணமாகி வந்த அன்னைக்கு இதைத் தட்டித்தான் உள்ளே வந்தேன்" என்றார். பிறகு வலப்பக்கம் திரும்பி, பாதத்தைப் படியில் வைத்து, விரலிடுக்குகளைக் கோதிக் கழுவினார். கைப்பிடியைப் பற்றி எழுந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

எல்லாம் நிறைவாக அமைந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். இருக்கையின் முன்விளிம்பு தொடையில் அழுத்துகிறது என்று மூன்றாம் நாள் சொன்னார். அதைச் சொன்னாரே என்பதுதான் எங்களுக்கு மகிழ்ச்சி. இழைப்புளியால் விளிம்பை உருட்டிக் கொடுத்தோம். கைக்குழாயின் நீர் சுவரில் தெறித்ததால் ஒரு கல்பலகையைப் பதித்தோம். இரண்டு பருவமழைகளுக்குப் பின் மேற்பலகையின் ஓரத்தில் கறுப்பு படிந்தது. தேய்த்து மீண்டும் எண்ணெய் பூசினோம். ஆண்டுக்கொரு முறை, ரமலானுக்கு முந்திய வாரம், இதைச் செய்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. இப்போது பேரப்பிள்ளைகள் உப்புத்தாளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்த ரமலானில் இஃப்தார் முதல் ஸஹர் வரை, உம்மாவின் அருகில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. தராவீஹ்க்கு இடையிலும் எழுந்து சென்று உளூ செய்து வந்தார். காலையில் செம்பு காலியாக இருக்கிறதா என்று மருமகள் பார்ப்பாள். பார்த்துவிட்டு எங்களுக்குத் தொலைபேசியில் சொல்வாள். அம்மாதம் எங்களுக்கு வந்த செய்திகளுள் அதைவிட இனியது வேறில்லை. தொற்று அதன்பின் இன்றுவரை திரும்பவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் கையால் ஒரு மேசை செய்தோம் என்று பெருமை பேச இதை எழுதவில்லை. ஆசாரியார் இன்றி ஒரு துளைகூட நேராக வந்திராது. மரம்தான் வேண்டும் என்பதும் இல்லை. உறுதியான ஒரு நாற்காலியும், சரியான உயரத்தில் ஒரு குழாயும், சுவரில் ஒரு கைப்பிடியும் பல வீடுகளில் போதுமாகலாம். நாங்கள் சொல்ல விரும்புவது வேறு. நம் பெற்றோர் தம் வணக்கத்தின் சிரமத்தை நம்மிடம் சொல்ல மாட்டார்கள். அது தமக்கும் இறைவனுக்கும் இடையிலானது என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வார்கள். நாமும் அவர்கள் தொழுகிறார்கள் என்பதைப் பார்த்து நிறைவடைந்துவிடுகிறோம். தொழுகைக்கு முன்னுள்ள அந்த ஐந்து நிமிடம் நம் கண்ணில் படுவதில்லை.

இன்றிரவு உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், அவர் உளூ செய்யும் இடத்தில் நீங்களும் ஒருமுறை அமர்ந்து எழுந்து பாருங்கள். தரை ஈரமாக இருக்கிறதா, விளக்கு எட்டுகிறதா, எழும்போது கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள். மாலையில் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று கேளுங்கள். விடை வராவிட்டால், இன்னும் மெதுவாக மறுபடியும் கேளுங்கள்.

இறைவா! சிறு வயதில் எங்களைப் பேணி வளர்த்த எங்கள் பெற்றோர் மீது உன் அருளைப் பொழிவாயாக. மண்ணறையில் இருப்போரின் கப்ரை விசாலமாக்குவாயாக. உயிரோடிருப்போரின் வணக்கத்தை எளிதாக்க எங்கள் கைகளைப் பயன்படுத்துவாயாக. கேட்கத் தவறிய எங்கள் பிழையைப் பொறுத்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.